மருந்தை நிறுத்திய பிறகு

சித்தியின் டிஸ்சார்ஜ் சம்மரியை மறுபடி எடுத்துப் படித்தேன். எந்தத் தேதியில் கிரியேட்டினின் எவ்வளவு, எந்த ஆன்டிபயாடிக் எத்தனை நாள், எக்ஸ்ரேயில் என்ன தெரிந்தது, எல்லாம் இருக்கின்றன. இரண்டு வாரங்களுக்கும் மேலாக இரவும் பகலும் அவர் உடம்பில் ஓடிக்கொண்டிருந்த மயக்க மருந்தைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. வீட்டுக்குப் போன பிறகு நினைவு தடுமாறலாம், பயங்கரக் கனவுகள் வரலாம், பாதத்தைத் தூக்க முடியாமல் போகலாம் என்ற எச்சரிக்கையும் இல்லை. நலமாக இருக்கிறார், வீட்டுக்கு அனுப்புகிறோம் என்று முடித்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நாங்கள் பட்ட பாடுதான் இந்தக் கட்டுரை. நான் வங்கி ஊழியர். மருத்துவம் படித்தவள் இல்லை. ஆனால் சித்திக்கு என்ன ஆனது என்று புரிந்துகொள்வதற்காகக் கிடைத்ததையெல்லாம் படித்தேன், தெரிந்த மருத்துவர்களையெல்லாம் கேட்டேன். வீட்டில் ஒருவர் இப்போது வென்டிலேட்டரில் இருப்பவர்களுக்கும், அங்கிருந்து திரும்பி வந்தவரைப் பார்த்து 'இவருக்கு என்ன ஆயிற்று' என்று திகைத்து நிற்பவர்களுக்கும் இது உதவ வேண்டும் என்று விரும்புகிறேன்.

சித்திக்கு வந்தது உண்ணிக் காய்ச்சல். திண்டுக்கல் பக்கத்துக் கிராமங்களில் மழை ஓய்ந்து பனி இறங்கும் மாதங்களில் அது புதிதல்ல. புதரிலும் புல்லிலும் இருக்கும் மிகச் சிறிய பூச்சியின் இளம்பருவம் கடிப்பதால் கிருமி உடலுக்குள் போகிறது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போலக் கருகிய புண் ஒன்று இருக்கும். சித்திக்கு அது இடுப்பில், பாவாடை நாடா இறுக்கும் இடத்தில் இருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. தொடக்கத்திலேயே தெரிந்தால் டாக்ஸிசைக்ளின் மாத்திரையிலேயே அடங்கிவிடக்கூடிய காய்ச்சல். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டு போனபோது நுரையீரலில் நீர் கோத்து, சிறுநீரகமும் தளர்ந்திருந்தது. அன்றிரவே வென்டிலேட்டர் வைத்தார்கள். அவர் உயிரைக் காப்பாற்றியது அந்த மருத்துவமனைதான். அதை எப்போதும் சொல்வேன்.

மயக்க மருந்து கொடுத்ததிலும் எனக்குக் குறை இல்லை. வாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் ஒரு குழாய் இறங்குகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் விடாமல் சரிகிறது. குப்புறப் படுக்க வைத்து மணிக்கணக்கில் மூச்சு கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்த முதல் சில நாள்களில் ஆழ்ந்த மயக்கம் இல்லாமல் சித்தி தாங்கியிருக்க முடியாது. நிற்காத வலிப்பு, மூளைக்குள் அழுத்தம் ஏறுவது போன்ற நிலைமைகளிலும் அப்படித்தான் என்கிறார்கள். என் கேள்வி அதற்கடுத்த நாள்களைப் பற்றியது. ஆக்சிஜன் தேவை குறைந்துவிட்டது என்று அவர்களே சொன்ன பிறகும் அதே மருந்து ஏன் அதே அளவில் ஓடியது? இன்றைக்கும் இது தேவையா என்று தினமும் காலையில் ஒருவராவது கேட்டார்களா?

மாலையில் பார்வையாளர் நேரத்தில் சித்தப்பா உள்ளே போய் வருவார். எப்படி இருக்கிறார் என்று கேட்டால், "தூங்குகிறாள். நிம்மதியாகத்தான் இருக்கிறாள்" என்பார். அங்கே அவருக்கு அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். வெளியே காத்திருக்கும் எங்களுக்கு அதுவே ஆறுதலாக இருந்தது. ஆனால் அந்த மயக்கத்தில் இயற்கையான தூக்கத்தின் சுழற்சி இல்லை. கனவு காணும் கட்டமும் ஆழ்ந்த கட்டமும் மாறி மாறி வந்து மூளையைச் சீர்ப்படுத்தும் வேலை அங்கே ஒழுங்காக நடப்பதில்லை. சித்திக்குக் கொடுத்தது மிடாசோலம் என்ற மயக்க மருந்தும் ஃபென்டனில் என்ற வலி மருந்தும். இரண்டும் கொழுப்பில் கரைந்து தங்குபவை. நாள் கணக்கில் செலுத்தினால் உடம்பு அவற்றைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. மிடாசோலம் சிதைந்து உண்டாகும் பொருளுக்கும் மயக்கும் தன்மை உண்டு. அதை வெளியேற்ற வேண்டியது சிறுநீரகம். சித்தியின் சிறுநீரகமோ ஏற்கெனவே தளர்ந்திருந்தது. அதனால் மருந்தை நிறுத்திய பிறகும் அவர் உடனே எழவில்லை. கண் திறந்தது, ஆனால் யாரையும் பார்க்கவில்லை. கூப்பிட்டால் இமை அசைந்தது, அவ்வளவுதான். மூளையில் ஏதாவது ஆகியிருக்குமோ என்று ஸ்கேன் எடுத்தார்கள். சில நாள்கள் கழித்துத்தான் தம்பியின் குரல் கேட்டுத் தலையைத் திருப்பினார்.

அதன் பிறகு வந்ததுதான் எங்களைக் கலங்கடித்தது. தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்திருந்ததால் சித்தியால் பேச முடியவில்லை. கையை மெதுவாகக் கழுத்துக்குக் கொண்டு போய்த் தடவிப் பார்த்தார். தாலி இல்லை. கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது. கழுத்து நரம்பில் ஊசிக்குழாய் செருகுவதற்காக முதல் நாளே தாலிச் சரடைக் கழற்றி, கம்மலோடும் வளையலோடும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டார்கள். எல்லா ஐ.சி.யூ.விலும் அதுதான் வழக்கம். ஆனால் கண் விழித்த பெண்ணுக்கு அதைச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. சித்தப்பா இறந்துவிட்டார், எல்லோரும் மறைக்கிறார்கள் என்று சித்தி முடிவு செய்துவிட்டார். சித்தப்பா நேரில் வந்து நின்றபோதும் நம்பவில்லை. வேறு யாரையோ வேடம் போட்டுக் கூட்டி வந்திருக்கிறார்கள் என்று நினைத்தாராம். இதைப் பல மாதங்கள் கழித்துத்தான் எங்களிடம் சொன்னார்.

மருத்துவர்கள் இதை டெலிரியம் என்கிறார்கள். சித்தக் குழப்பம். ஐ.சி.யூ.வில் வென்டிலேட்டரில் இருப்பவர்களுக்கு இது மிகச் சாதாரணமாக வருவது. கிருமித்தொற்றும் வரவழைக்கும், ஆக்சிஜன் குறைவும் வரவழைக்கும். மிடாசோலம் வகை மருந்துகள் அதை இன்னும் கூட்டுகின்றன. அந்தக் குழப்பத்தில் மூளை தனக்குக் கிடைத்த துண்டுகளை வைத்துக் கதை கட்டுகிறது. சித்தி தையல்காரர். சளி உறிஞ்சும் குழாயைத் தொண்டைக்குள் விட்டு எடுத்ததெல்லாம் அவர் நினைவில், நீல உடை போட்ட பெண்கள் தன் தொண்டையிலிருந்து நூல் உருவி உருவிக் கண்டு சுற்றியதாகப் பதிந்திருக்கிறது. குழாயைப் பிடுங்கிவிடாமல் இருக்க மணிக்கட்டைத் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். கொத்தடிமையாக விற்றுவிட்டார்கள் என்று நினைத்தாராம். சிறுநீர்க் குழாய் செருகுவதைப் பாலியல் வன்முறையாக நினைவில் சுமக்கும் நோயாளிகளும் உண்டு. நம் ஊரில் எந்தப் பெண் அதை வாய் திறந்து சொல்வாள்?

நோயாளியை இப்படி நாள்கணக்கில் அசையாமல் கிடத்தி வைப்பது தொடக்கத்திலிருந்து இருந்த வழக்கமா என்று தேடிப் பார்த்தேன். இல்லை. 1952இல் கோபன்ஹேகன் நகரில் போலியோ கொள்ளைநோயாகப் பரவியது. பிளெக்டம் மருத்துவமனைக்கு மூச்சுத் தசைகள் செயலிழந்த குழந்தைகள் தினமும் வந்து சேர்ந்தார்கள். சுவாச இயந்திரங்கள் விரல் விட்டு எண்ணும் அளவே இருந்தன. பியோர்ன் இப்சென் என்ற மயக்கவியல் மருத்துவர் 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, ரப்பர் பையைக் கையால் அமுக்கி மூச்சு கொடுத்தார். அவள் திமிறியதால் சிறிது மயக்க மருந்தும் கொடுத்தார். அவள் பிழைத்தாள். பிறகு ஏறத்தாழ 1500 மருத்துவ மாணவர்கள் முறை வைத்து, மாதக்கணக்கில் பை அமுக்கினார்கள். அந்தக் குழந்தைகள் விழித்திருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கையால் மூச்சு கொடுத்துக்கொண்டே மாணவர்கள் அவர்களுக்குக் கதை படித்துக் காட்டினார்கள், விளையாட்டுக் காட்டினார்கள். இன்றைய ஐ.சி.யூ. பிறந்தது அங்கேதான்.

இயந்திரங்கள் வந்த பிறகு நிலைமை மாறியது. பழைய வென்டிலேட்டர்களுக்கு நோயாளி தானாக எடுக்கும் மூச்சோடு இசைந்து போகத் தெரியாது. நோயாளி ஒரு பக்கம் இழுக்க, இயந்திரம் ஒரு பக்கம் தள்ளும். 'மெஷினோடு சண்டை போடுகிறார்' என்று இன்றும் நம் மருத்துவமனைகளில் சொல்வது அதைத்தான். சண்டையை நிறுத்த மருந்து கொடுத்து அடக்கினார்கள். பிறகு இயந்திரங்கள் திருந்திவிட்டன, வழக்கம் திருந்தவில்லை. 1998இல் தாமஸ் பெட்டி என்ற அமெரிக்க நுரையீரல் மருத்துவர் இதைப் பற்றி வேதனையோடு எழுதினார். 1960களில் தன் நோயாளிகள் வென்டிலேட்டரோடு விழித்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவர் அவர். முப்பது ஆண்டுகள் கழித்து வார்டுக்குள் போனால், மானிட்டர் மட்டும் இல்லாவிட்டால் பிணங்கள் என்றே நினைக்கத் தோன்றும் உடல்களைப் பார்க்க வேண்டியிருந்தது.

2000இல் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் கிரெஸ் குழுவினர் 128 நோயாளிகளிடம் எளிய சோதனை ஒன்று செய்தார்கள். ஒரு பிரிவினருக்குத் தினமும் ஒரு முறை மயக்க மருந்தை நிறுத்தி, விழிக்கும் வரை காத்திருந்தார்கள். வென்டிலேட்டரில் இருந்த காலம் 7.3 நாளிலிருந்து 4.9 நாளாகக் குறைந்தது. புதிய மருந்து இல்லை, புதிய கருவி இல்லை. தினமும் நிறுத்திப் பார்த்தார்கள், அவ்வளவுதான். தினமும் விழிக்க வைத்தால் அந்தக் கொடுமை மனத்தில் பதிந்துவிடாதா என்று பலர் அஞ்சினார்கள். அந்த நோயாளிகளில் சிலரைப் பின்னர் ஆராய்ந்தபோது, விழிக்க வைக்கப்பட்டவர்களின் மனநிலைதான் தேறியிருந்தது. 2008இல் மருந்தை நிறுத்திப் பார்ப்பதோடு தானாக மூச்சு விட முடிகிறதா என்ற சோதனையையும் சேர்த்துச் செய்தபோது, ஓர் ஆண்டு கழித்து உயிரோடு இருந்தவர்களின் எண்ணிக்கையே கூடியது. டென்மார்க்கின் ஓடென்ஸ நகரில் இன்னும் ஒரு படி மேலே போய், வலிக்கு மட்டும் மார்ஃபின் கொடுத்து மயக்க மருந்தே இல்லாமல் வென்டிலேட்டரில் வைத்தார்கள். 2010இல் வெளியான முதல் ஆய்வில் பலன் நன்றாக இருந்தது. 700 பேரை வைத்துச் செய்து 2020இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், லேசான மயக்கத்தில் இருந்தவர்களுக்கும் மயக்கமே இல்லாதவர்களுக்கும் இறப்பில் வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே மயக்க மருந்தே கூடாது என்று நான் சொல்லவில்லை. வலியை முதலில் தீர்த்துவிட்டு, எழுப்பினால் விழிக்கும் அளவுக்கு மட்டும் மயக்கம் போதும் என்பதைத்தான் அமெரிக்கத் தீவிர சிகிச்சை மருத்துவர் சங்கத்தின் 2018 வழிகாட்டியும் சொல்கிறது. மிடாசோலத்தைவிட ப்ரோபோஃபால், டெக்ஸ்மெடிடோமிடின் என்ற வேறு இரண்டு மயக்க மருந்துகள் மேல் என்றும் அதில் இருக்கிறது.

கொரோனா காலத்தில் இந்தப் பாடங்கள் எல்லாம் காற்றில் போயின. 14 நாடுகளில் 2088 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2021இல் வந்தது. அவர்களில் 64 சதவீதம் பேருக்கு, வென்டிலேட்டரில் இருந்தபோது மிடாசோலம் வகை மருந்து நாள்கணக்கில் ஓடியிருக்கிறது. பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு டெலிரியம். அந்த ஆய்வில் என்னை நிறுத்தியது வேறொரு எண்: குடும்பத்தினர் நேரிலோ வீடியோவிலோ பார்த்துப் பேசிய நோயாளிகளுக்கு டெலிரியம் வரும் ஆபத்து 27 சதவீதம் குறைவாக இருந்தது. நம் மருத்துவமனைகளில் பார்வையாளர் நேரம் என்பது தரும் சலுகை. அதைச் சிகிச்சையாக எண்ணுபவர் அரிது.

சித்தியை ஆம்புலன்ஸில் வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கியபோது ஊரே திரண்டு வந்தது. பிழைத்து வந்தது சாமி புண்ணியம் என்றார்கள். எழுந்து உட்காரவே இருவர் தாங்க வேண்டியிருந்தது. அசையாமல் கிடக்கும் தீவிர நோயாளியின் தொடைத் தசை பத்தே நாளில் ஐந்தில் ஒரு பங்குக்கு நெருக்கமாகக் கரைந்துவிடுகிறது என்று லண்டன் மருத்துவர்கள் 2013இல் அளந்து காட்டியிருக்கிறார்கள். சித்திக்கு இடது பாதம் தொங்கிப் போயிருந்தது. குந்தி உட்காரும் கழிப்பறைதான் வீட்டில் இருந்தது. அதில் உட்கார்ந்து எழ முடியாமல் போனதுதான் அவரை எல்லாவற்றையும்விட அவமானப்படுத்தியது. தம்பி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவே துளை போட்டுக் கொடுத்தான். இரண்டு, மூன்று மாதம் ஆனதும் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. குரல் கம்மிப் போய்ப் பல மாதங்கள் அப்படியே இருந்தது. திண்டுக்கல்லிலிருந்து வாரம் மூன்று முறை வந்த பிசியோதெரபிஸ்ட் பெண் இல்லாவிட்டால் சித்தி இன்றும் கட்டிலில்தான் இருந்திருப்பார் என்பது என் உறுதியான எண்ணம்.

உடம்பு மெல்லத் தேறியது. மனத்தைத்தான் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. முப்பது ஆண்டுகளாக டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மனக்கணக்கிலேயே துணி வெட்டியவர் அவர். திரும்பி வந்து முதலில் தைத்த ரவிக்கைக்கு 36 என்று எழுதிவைத்துவிட்டு 32க்கு வெட்டினார். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோனார். ஒரே கேள்வியை நான்கு முறை கேட்டார். இருட்டினால் உடம்பு நடுங்கியது. மிக்ஸி முடிந்து 'டிக்' என்று நின்றால் கூடத் திடுக்கிட்டார். பெரியவர்கள் சோம்பல் என்றார்கள், செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டோம் என்றார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தார் 821 ஐ.சி.யூ. நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2013இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மூன்று மாதம் கழித்துச் சோதித்தபோது 40 சதவீதம் பேரின் அறிவுத்திறன் மதிப்பெண், தலையில் ஓரளவு பலமாக அடிபட்டவர்களின் அளவுக்கு இறங்கியிருந்தது. ஓராண்டு கழித்தும் 34 சதவீதம் பேர் அங்கேயே இருந்தார்கள். வயதானவர்கள் மட்டுமல்ல, இளையவர்களும்தான். டெலிரியம் நீண்ட நாள் நீடித்தவர்களுக்குப் பாதிப்பும் அதிகம். இதைச் சோம்பல் என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

ஆஸ்பத்திரியில் ஏதோ பிடித்துக்கொண்டது என்று ஊர்க் கோடாங்கியிடம் அழைத்துப் போனார்கள். எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் கூடப் போனேன். அந்தப் பெரியவர் உடுக்கையை எடுக்கும் முன்பு சித்தியை எதிரே உட்கார வைத்து, "அங்கே என்ன பார்த்தாய் தாயி, ஒன்று விடாமல் சொல்" என்றார். நூல் உருவியது, கட்டிப்போட்டது, சித்தப்பா செத்துப் போனது எல்லாம் அப்போதுதான் வெளியே வந்தன. அத்தனை மருத்துவர்களும் நாங்களும் கேட்காத கேள்வியை அவர் கேட்டார். விபூதி குணப்படுத்தியதா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. அன்றிரவு சித்தி கொஞ்சம் தூங்கினார்.

பிறகுதான் மதுரையில் ஒரு மனநல மருத்துவரிடம் போனோம். இதற்குப் பெயர் இருக்கிறது என்று அவர்தான் முதலில் சொன்னார்: போஸ்ட் இன்டென்சிவ் கேர் சிண்ட்ரோம். உடல் தளர்ச்சி, அறிவுத் தடுமாற்றம், மனக்காயம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று 2010இல் அமெரிக்கத் தீவிர சிகிச்சை மருத்துவர் சங்கம் கூட்டிய கூட்டத்தில் உருவான பெயர். வெளியே காத்திருந்த குடும்பத்தினருக்கும் மனப் பாதிப்பு வரும் என்பதையும் அதிலேயே சேர்த்திருக்கிறார்கள். சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் இளைத்துப் பாதியாகியிருந்ததை அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை.

அந்த மருத்துவர் சொன்ன இன்னொன்றுதான் சித்தியை மீட்டது என்று நினைக்கிறேன். உண்மையான நினைவு எதுவும் இல்லாமல் பொய்யான நினைவு மட்டும் தங்கிவிடுவதுதான் இவர்களை அதிகம் வதைக்கிறது. ஸ்வீடன், டென்மார்க், இங்கிலாந்து போன்ற நாடுகளில் நர்ஸுகளும் குடும்பத்தாரும் நோயாளியின் தலைமாட்டில் ஒரு நாட்குறிப்பு வைத்து எழுதுகிறார்கள். இன்று குப்புறப் படுக்க வைத்தோம், இன்று மகள் வந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், இன்று மழை என்று சாதாரண வரிகள். பிழைத்து வந்த பிறகு நோயாளியிடம் கொடுக்கிறார்கள். ஐரோப்பாவில் 352 பேரிடம் இதைச் சோதித்தபோது, குறிப்பு கிடைக்காதவர்களில் 13 சதவீதம் பேருக்கு வந்த மன அதிர்ச்சி நோய், கிடைத்தவர்களில் 5 சதவீதம் பேருக்கே வந்தது.

எங்களிடம் குறிப்பு இல்லை. ஆனால் பில்கள் இருந்தன. நம் தனியார் மருத்துவமனைகளில் மருந்துச்சீட்டைக் கையில் கொடுத்துக் கீழே இருக்கும் மருந்தகத்துக்கு நம்மைத்தானே ஓட வைக்கிறார்கள்? ஒவ்வொரு பில்லிலும் தேதி, நேரம், மருந்தின் பெயர், எத்தனை ஆம்பூல் என்று இருக்கிறது. மிடாசோலம் எந்த நாளில் தொடங்கியது, எந்த நாளில் உச்சத்தில் ஓடியது, எப்போது நின்றது என்பதை நானும் தம்பியும் பில்களை வைத்தே கண்டுபிடித்தோம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா தினமும் இரவு அனுப்பிய குரல் செய்திகள் இருந்தன. கண்ணாடி வழியே எடுத்த இரண்டு படங்கள் இருந்தன. நகையை ஒப்படைத்ததற்கான ரசீதும் இருந்தது. இவற்றையெல்லாம் ஒரு நீள நோட்டில் தேதிவாரியாக ஒட்டி எழுதினோம். சித்தி அதைப் பல வாரங்கள் படித்தார். ரசீதில் இருந்த தேதியைக் காட்டி, "அப்படியென்றால் இது நான் கண் விழிப்பதற்கு எவ்வளவோ முன்னால்" என்று தானே சொன்னார். சளி உறிஞ்சும் குழாயின் படத்தை இணையத்தில் காட்டியபோது நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நூல் இல்லை" என்றார்.

உங்கள் வீட்டில் ஒருவர் இப்போது ஐ.சி.யூ.வில் இருந்தால், டியூட்டி டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்: இன்று எந்த மயக்க மருந்து ஓடுகிறது, ஏன், இன்று குறைத்துப் பார்க்க முடியுமா? இது அவர்கள் வேலையில் தலையிடுவது ஆகாது. குறைக்கும் நேரத்தில் பக்கத்தில் இருக்க அனுமதி கேளுங்கள். மூக்குக்கண்ணாடியையும் காது கேட்கும் கருவியையும் உள்ளே கொடுத்தனுப்புங்கள். நோயாளி தூங்குவது போல இருந்தாலும் இன்று என்ன கிழமை, நகை யாரிடம், வீட்டில் யார் யார் நலம் என்று காதருகே சொல்லிக்கொண்டே இருங்கள். பில்களைத் தூக்கி எறியாதீர்கள். மூன்று நோயாளிகளை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டு இரவெல்லாம் நின்ற சிஸ்டர்களை நான் பார்த்திருக்கிறேன்; விழித்திருக்கும் நோயாளிக்குக் கூடுதல் கை வேண்டும், அந்தக் கையை நிர்வாகம்தான் தர வேண்டும். இங்கிலாந்தில் 2009இலேயே தீவிர சிகிச்சைக்குப் பிந்தைய மறுவாழ்வுக்குத் தேசிய வழிகாட்டி வந்துவிட்டது. இங்கே சளியும் எக்ஸ்ரேயும் பார்க்கும் மறுபரிசோதனையோடு எல்லாம் முடிந்துவிடுகிறது. அந்த மறுபரிசோதனையில் மறதியையும் கனவையும் நீங்களாகவே சொல்லுங்கள். அவர்கள் கேட்க மாட்டார்கள்.

சித்தி இப்போது மறுபடி தைக்கிறார். சாதாரண ரவிக்கை, பாவாடை, தலையணை உறை. லைனிங் வைத்த ரவிக்கைகளைப் பக்கத்துத் தெருப் பெண்ணிடம் அனுப்பிவிடுகிறார். அளவு எல்லாவற்றையும் நோட்டில் எழுதி, வெட்டும் முன்பு தம்பியைச் சரிபார்க்கச் சொல்கிறார். பாதம் ஏறக்குறையத் தேறிவிட்டது. மிஷின் பெடலை வலது காலால்தான் மிதிக்கிறார். இரவில் விளக்கை அணைக்க விடுவதில்லை. மனநல மருத்துவர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்திருக்கிறார், பொங்கல் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்.